எங்கிருந்து என்று தெரியாத முறைப்பாடு

ஒரு நாட்டையே ஒதுக்கி வைக்கும் வரி ஒன்று அந்த மென்பொருளின் அமைப்புக் கோப்பில் உண்டு. நாட்டின் இரண்டெழுத்துக் குறியை அடைப்புக்குறிக்குள் போட்டால் போதும், உங்கள் செய்தி போகிற வழியில் அந்த நாட்டில் இருக்கிற எந்தக் கணினியையும் தொடாமல் போகும். அதற்கு அடுத்த வரி இன்னும் கறாரானது. அதில் ஒன்று என்று போட்டால் ஒதுக்கியது ஒதுக்கியதுதான், வேறு வழி கிடைக்காவிட்டால் செய்தி போகாமலே கிடக்குமே தவிர அந்தப் பக்கம் தலை வைத்துப் படுக்காது. பூச்சியம் என்று போட்டால் முடிந்தவரை தவிர்க்கும், முடியாவிட்டால் விட்டுக்கொடுக்கும். இந்த இரண்டு வரிக்கும் தமிழில் விளக்கம் எழுத எனக்கு ஒரு முழுப் பகல் பிடித்தது.

இணையத்தில் நீங்கள் யார், எங்கிருந்து வருகிறீர்கள் என்பதை மறைப்பதுதான் அந்த மென்பொருளின் வேலை. நீங்கள் அனுப்புவது நேரே போகாது. உலகத்தின் எங்கெங்கோ கிடக்கிற மூன்று கணினிகளைத் தாண்டிப் போகும். முதலாவதுக்கு உங்களைத் தெரியும், நீங்கள் போகிற இடம் தெரியாது. கடைசிக்குப் போகிற இடம் தெரியும், உங்களைத் தெரியாது. நடுவில் இருப்பதற்கு இரண்டும் தெரியாது. எங்கள் தேயிலைத் தோட்டங்களிலும் ஒரு பேச்சு மேலே போவதென்றால் கங்காணி, அவருக்கு மேலே கண்டாக்கு, எல்லாருக்கும் மேலே தொரை என்று மூன்று பேரைத் தாண்ட வேண்டும். என்ன, அங்கே மூன்று பேருக்கும் எல்லாம் தெரிந்திருக்கும்.

இலங்கை மலைநாட்டில், கொட்டகலை பஜாரில் ஒரு இரும்புக் கடைக்கு மேலே இருக்கிற அறைதான் என் அலுவலகம், வீடு, சமையலறை எல்லாம். பட்டம் வாங்கிவிட்டு அரசாங்க வேலைக்குக் காத்திருந்து காத்திருந்து அலுத்துப்போய், கடைசியில் மென்பொருள்களைத் தமிழாக்கும் வேலையில் வந்து விழுந்தேன். முகம் தெரியாத யாரோ ஆங்கில வரிகளை அனுப்புவார்கள், நான் தமிழாக்கி அனுப்புவேன். கடைக்காரர், நான் பாய் என்று கூப்பிடுகிறவர், தன்னுடைய இணைய இணைப்பை எனக்கும் விட்டிருந்தார். ஒருநாள் சீமெந்து விலை பார்க்க என் மடிக்கணினியை வாங்கியவர் திரையைப் பார்த்து முழித்தார்.

"தங்கச்சி, இதுல ஜெர்மன்காரன்ட விளம்பரமெல்லாம் வருது. என்ட கடை எப்ப ஜெர்மனிக்குப் போன?"

கடைசிக் கணினி எந்த நாட்டில் இருக்கிறதோ அந்த நாட்டிலிருந்து நாம் வருவதாகத்தான் உலகம் நினைக்கும் என்று விளக்கினேன். "அப்ப விசா இல்லாமப் போய் வாறீங்க" என்று சிரித்துக்கொண்டே கீழே இறங்கினார்.

நான் தமிழாக்கிய வரிகளிலேயே எனக்குப் பிடிக்காத வரி ஒன்று இருந்தது. மென்பொருளைத் தமிழில் திறந்ததும் அது கேட்கும்: கூடுதல் பாதுகாப்புக்காக இணையப் பக்கங்களை ஆங்கிலத்திலேயே கேட்டு வாங்கட்டுமா? காரணம் நியாயமானதுதான். தமிழில் பக்கம் கேட்கிறவர்கள் உலகத்தில் கொஞ்சம் பேர், ஆங்கிலத்தில் கேட்கிறவர்கள் கோடிக்கணக்கில். ஒளிவதென்றால் பெரிய கூட்டத்துக்குள் ஒளிய வேண்டும். ஆனால் தமிழிலேயே உட்கார்ந்து, தமிழில் இருக்காதே என்று ஒருவருக்குச் சொல்லிக் கொடுப்பது எனக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது. எரிச்சலோடுதான் எழுதினேன், ஆனால் சரியாகத்தான் எழுதினேன்.

அக்கா வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. அக்கா என்றால் என் பெரியம்மாவின் மகள். கொட்டகலையிலிருந்து பஸ் ஏறி, இறங்கி, பிறகு தேயிலைக்குள் ஏறி நடக்க வேண்டிய தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறவள். புருஷன், இரண்டு பெண் பிள்ளைகளோடு வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்தில் ஒரு காம்பராவில், அதாவது ஒற்றை அறையில் இருந்தாள். பக்கத்துக் காம்பராவில் அவள் கொழுந்தன் குடும்பம். எப்போது வந்தாலும் கதவைத் திறக்கும் முன்பே சத்தம் போட்டுக்கொண்டு வருகிறவள், அன்றைக்குக் காய்கறிப் பையைக்கூடக் கீழே வைக்காமல் போனை நீட்டினாள்.

"பாப்பா, இதக் கொஞ்சம் பாரேன்."

லயத்துக்குப் பின்னால் மேட்டில் நிலம் வெடித்திருந்தது. புல்லை விலக்கிப் படம் எடுத்திருந்தாள். கோணலான ஒரு கோடு, தேயிலைக்குள் புகுந்து மறுபக்கமும் போயிருந்தது.

"மொதல்ல வெரலு போற மாதிரி இருந்துச்சு. இப்ப கையே போவுது. கங்காணிகிட்ட சொன்னோம். கண்டாக்கையா வந்து பாத்துட்டு, கான் வெட்டுன எடம் அப்பிடித்தான் இருக்கும்னு ரெண்டு கூட மண்ணக் கொட்டச் சொன்னாரு. தொரைகிட்டப் போனா, பயமா இருந்தா வேற எடம் பாத்துக்கங்க, வூடு கம்பெனியோடதுன்னுட்டாரு."

கான் என்பது மழைநீர் ஓடுகிற வாய்க்கால். அந்த மலையில் யாரும் கான் வெட்டியதாக அக்காவுக்கு நினைவில்லை. வெளியே சொல்லவும் பயம். மேல் பிரிவில் ஒருவர் குடிதண்ணீர் வரவில்லை என்று தொலைக்காட்சிக்காரர்களைக் கூட்டி வந்தார், அடுத்த மாதமே அவர் குடும்பம் சட்டி பானையோடு ரோட்டில் நின்றது. எங்கள் ஆட்கள் நாலு தலைமுறை இருந்தாலும் வீடு வீட்டுக்காரனுடையது இல்லை. வேலை இருக்கிறவரைதான் கூரை.

"யாரு அனுப்புனதுன்னு தெரியாம அனுப்ப முடியுமா பாப்பா? ஒனக்குத்தான் அந்த மாதிரி என்னமோ தெரியுமே. மழைக்கு முந்தி எல்லாரையும் அங்கேருந்து எடுத்தாப் போதும். கொழுந்தன் வூட்டுல கைப்புள்ள வேற."

முடியும் என்றேன். அதைச் சொல்லும்போது எனக்குப் பெருமையாக இருந்தது, மறைக்கவில்லை. மாதக்கணக்கில் யாருக்காக எழுதுகிறேன் என்று தெரியாமலே எழுதிய வரிகளுக்கு முதல் தடவையாக ஒரு ஆள் வந்து எதிரே உட்கார்ந்திருந்தாள்.

ஒவ்வொன்றாகத் திருத்தினேன். இந்த மென்பொருளைப் பாவிக்கிறோம் என்பதே வெளியே தெரியாமல் இருக்கப் பாலம் என்றொரு வழி உண்டு, அதைப் போட்டேன். எங்கள் நாட்டை ஒதுக்கினேன், கறாரான வரியில் ஒன்று போட்டேன். எந்த வரலாற்றையும் சேமிக்காதே என்றேன். சாளரத்தைப் பெரிதாக்காமல் விட்டேன், ஏனென்றால் திரையின் அளவைக்கூட வைத்து ஆளைப் பிடிக்கலாம். படத்தில் ஒட்டியிருந்த இடம், நேரம், போனின் விபரம் எல்லாவற்றையும் துடைத்தேன். ஓரத்தில் தெரிந்த கொய்யா மரத்தை வெட்டி நீக்கினேன். பாதுகாப்பை உச்சத்தில் வைத்தபோது, புகார்களை வாங்குகிற அரசாங்க அலுவலகத்தின் முறைப்பாட்டுப் பக்கம் வெள்ளையாக வந்து நின்றது, ஒரு கட்டம்கூடத் தெரியவில்லை. ஒரு படி இறக்கினேன், திறந்தது. அக்கா அரிசி புடைப்பதைப் பார்க்கிற மாதிரி அமைதியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பக்கம் ஆங்கிலத்தில் வந்தது. நான்தானே அப்படிக் கேட்கச் சொல்லி வைத்திருந்தேன். பெயர், அடையாள அட்டை இலக்கம், தொலைபேசி என்று கேட்டது. பெயர் சொல்ல விரும்பாதவர்களுக்கென்று ஒரு கட்டமும் இருந்தது. அதில் சரி போட்டால், அப்படியான முறைப்பாடுகளுக்குப் பதிவு இலக்கம் தரப்படாது என்று கீழே ஒரு வரி தோன்றியது. பரவாயில்லை, இலக்கத்தை வைத்து என்ன செய்யப் போகிறோம் என்று தாண்டிப் போனேன்.

முகவரிக் கட்டம் வந்ததும் எங்களுக்குள் சண்டை வந்தது.

"லயத்து நம்பரப் போடு" என்றாள் அக்கா.

"அதப் போடவே கூடாதுக்கா. இவ்வளவு பாடுபட்டு மறைச்சதே எங்கேருந்து வருதுன்னு தெரியக்கூடாதுன்னுதான். தோட்டத்துப் பேரு போதும்."

"தோட்டத்துல எத்தன லயம் இருக்கு, எத்தன மலை இருக்கு? எங்கயோ ஒரு எடத்துல வெடிச்சிருக்குன்னா எவன் வந்து தேடுவான்? கூப்புடுறதுன்னா எங்க வரணும்னு சொல்லணுமா இல்லியா?"

பிறந்த பிள்ளைக்கு ஊசி போடும் அட்டையிலிருந்து பள்ளிக்கூடத்துப் பெயர் இடாப்பு வரை எங்களுக்கு முகவரி என்றால் லயத்து நம்பரும் காம்பரா நம்பரும்தான். வீதி கிடையாது, வீட்டுக்குப் பெயர் கிடையாது. கடிதம் வந்தாலும் தோட்டத்து ஆபீசுக்குத்தான் வரும், அங்கிருந்துதான் பிரித்துக் கொடுப்பார்கள். அக்கா அறியாமையில் பேசவில்லை. காப்பாற்ற வருகிறவனுக்கு இடம் தெரிய வேண்டும், கழுத்தைப் பிடிக்க வருகிறவனுக்குத் தெரியக் கூடாது. இந்த இரண்டையும் பிரித்துக் கொடுக்கிற வரி அந்தக் கோப்பில் எங்கேயும் இல்லை. நான் முழுக் கோப்பையும் தமிழாக்கியவள், எனக்குத் தெரியும்.

லயத்து நம்பரைப் போட்டேன். ஒரு லயத்தில் அத்தனை குடும்பம் இருக்கிறதே, அந்தக் கூட்டத்துக்குள் அக்கா மறைந்துகொள்வாள் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். பிறகு அக்கா காம்பரா காம்பராவாகச் சொல்லச் சொல்ல, என் கொழுந்தன், நாங்கள் என்று வந்த இடத்தில் மட்டும் ஆளை மறைத்து எழுதினேன். ஆங்கிலத்தில் எழுதினேன். பக்கம் ஆங்கிலத்தில் இருந்தது, ஆங்கிலத்தில் எழுதினால் தமிழர் யாரோ என்றுகூடத் தெரியாது, பெரிய இடத்தில் மதித்துப் படிப்பார்கள், இந்த மூன்றும் காரணம். நன்றாகவே எழுதினேன். எந்தச் சொல்லில் அழுத்தம் கொடுக்க வேண்டுமோ அங்கே கொடுத்தேன். அனுப்பியதும் அக்கா பையை எடுத்துக்கொண்டு, "இனி வந்து பாப்பாங்கல்ல?" என்று கேட்டாள். பார்ப்பார்கள் என்றேன். அவளை பஸ் ஏற்றிவிட்டு வந்து நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

யாரும் வந்து பார்க்கவில்லை. அந்த அலுவலகம் செய்தது ஒன்றே ஒன்று. முறைப்பாட்டை அச்செடுத்து, உங்கள் விளக்கத்தைத் தரவும் என்று தோட்டத்துக்கே அனுப்பி வைத்தது. யாரைப் பற்றிப் புகாரோ அவரிடமே அதைக் கொடுப்பதுதான் நடைமுறையாம். உலகத்தைச் சுற்றி மூன்று கணினிகளைத் தாண்டிப் போன செய்தி, ஒரு சாதாரணத் தபால் உறையில் ஏறி மறுபடி தொரையின் மேசைக்கு வந்து சேர்ந்தது.

பெரட்டுக் களத்தில் நடந்ததை அக்கா பிறகு என்னிடம் சொன்னாள். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற இடம் அது, தோட்டம் முழுக்க அங்கே நிற்கும். தொரை வழக்கமாக அங்கே வருகிறவர் இல்லை. அன்றைக்கு வந்தார், கையில் அந்தத் தாள்.

"சத்தமே போடல பாப்பா. நல்ல இங்கிலீசு, நம்ம ஆபீசுலகூட இப்பிடி எழுத ஆளில்லன்னாரு. இந்த லயத்துல யாரு வூட்டுச் சொந்தத்துல இவ்வளவு படிச்ச புள்ள இருக்குன்னு கேட்டாரு. கேட்டுட்டு சிரிச்சாரு."

யாரும் காட்டிக்கொடுக்கவில்லை. எல்லாரும் தரையைத்தான் பார்த்தார்களாம். காட்டிக்கொடுக்க வேண்டிய தேவையே இல்லையே. அந்த லயத்திலேயே பல்கலைக்கழகம் போய், கொட்டகலையில் கணினி வைத்துப் பிழைக்கிற தங்கச்சி உள்ளவள் ஒருத்திதான். கோடிப் பேருக்குள் ஒளிவதற்காக நான் தேர்ந்தெடுத்த மொழி, ஒரு லயத்துக்குள் அவளைத் தனியாகப் பிடித்து நிறுத்திவிட்டது.

"பயமா இருக்குன்னு எழுதினீங்கல்ல, பயமில்லாத எடத்துல போயி இருங்க" என்று அவளை மட்டும் கீழ்ப் பிரிவுக்கு மாற்றினார்கள். பிள்ளைக் காம்பரா என்று ஒன்று அங்கே உண்டு, தாய்மார் கொழுந்துக்குப் போகும்போது குழந்தைகளை விட்டுப் போகிற இடம். புதிது கட்டியதும் பழையது மூடிக் கிடந்தது. கூரைத் தகரம் பாதி இல்லை, தண்ணீர்க் குழாய் இல்லை. அங்கே நாலு பேரும் பெட்டி படுக்கையோடு போய் இறங்கினார்கள். மற்ற குடும்பங்களுக்குத் தனியாக யாரும் எதுவும் சொல்லவில்லை. சொல்லாமலே விளங்கியது. வெடிப்பில் களிமண்ணை அடைத்து, மேலே கறுப்புத் தறப்பாளை விரித்து, நாலு மூலைக்கும் கல் வைத்தார்கள்.

போகும்போது அக்கா கொழுந்தனைக் கெஞ்சியிருக்கிறாள். நீங்களும் வந்துருங்க, நெருக்கிக்கிட்டுப் படுத்துக்கலாம் என்று.

"அண்ணி, நாங்களும் வந்தா நாங்களும் சேந்துதான் எழுதினோம்னுருவாங்க. அதோட அங்க கூரையே இல்ல, புள்ளைக்குக் குளுரு ஒத்துக்காது" என்றானாம் அவன். அதிலும் ஒரு பிழை சொல்ல முடியாது.

நான் அந்த அலுவலகத்துக்குப் போன் மேல் போன் போட்டேன். பதிவு இலக்கத்தைச் சொல்லுங்கள் என்றார்கள். பெயரில்லாமல் அனுப்பியது, இலக்கம் இல்லை என்றேன். அப்படியானால் எதைத் தேடுவது என்று கேட்டார்கள். படம் இருக்கிறது, லயத்து நம்பர் இருக்கிறது, போய்ப் பாருங்கள் என்று கத்தினேன். அந்தப் பெண் பிள்ளை பொறுமையாக, "மொட்டைக் கடுதாசிக்கெல்லாம் எங்களால போக ஏலாது மிஸ்" என்றாள். நான் மறுபடி அனுப்பினேன், மறுபடியும் அனுப்பினேன். ஒவ்வொரு தடவையும் புதிய அடையாளம் என்ற பொத்தானை அழுத்த, ஒவ்வொரு தடவையும் வேறொரு நாட்டிலிருந்து போய்ச் சேர்ந்தது.

மழை தொடங்கியது. இங்கே மழை புதுசில்லை, ஆனால் அந்த மழை விடவில்லை. மின்சாரம் போனது, ரயில் நின்றது, போன் இணைப்புப் போனது. அக்கா மாறிப் போய்விட்டாள் என்பதில் எனக்கு ஒரு ஆறுதல் இருந்தது. கொழுந்தன் வீட்டை நினைத்ததும் அந்த ஆறுதல் கசந்தது. ஒரு காலை பாய் என் கதவைத் தட்டினார். வழக்கமாகக் கீழிருந்து குரல் கொடுக்கிறவர், மேலேயே ஏறி வந்திருந்தார்.

"தங்கச்சி, ஒங்கட அக்காட தோட்டத்துல மண் சரிஞ்சீக்காம். வாங்க."

கடையிலிருந்து மண்வெட்டி, கயிறு, அலவாங்கு என்று கைக்கு வந்ததையெல்லாம் தன் வான் வண்டியில் அள்ளிப் போட்டார். ரோடு உடைந்திருந்த இடம்வரை போனோம், பிறகு நடந்தோம். வழியில் என்னென்ன பார்த்தேன் என்று எனக்கு இன்றைக்கும் நினைவில்லை.

லயத்தின் ஒரு பாதி அப்படியே இருந்தது. கொடியில் துணிகூடக் காய்ந்தது, காய்ந்தது என்றா சொன்னேன், நனைந்தது. மறு பாதி இருந்த இடத்தில் தேயிலைச் செடிகளோடு மலை வந்து உட்கார்ந்திருந்தது. அக்காவின் காம்பரா இல்லை. பக்கத்துக் காம்பராவும் இல்லை. அக்கா முழங்காலில் நின்று கையாலேயே மண்ணை வாரிக்கொண்டிருந்தாள். பாய் கொடுத்த மண்வெட்டியை அவள் வாங்கவில்லை. மண்வெட்டியால் வெட்டினால் யார் மேலாவது பட்டுவிடும் என்றாள்.

அவள் உயிரோடு இருக்கிறாள் என்று பார்த்ததும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அந்த இடத்தில், அத்தனை அழுகைக்கு நடுவில், எனக்கு வந்த முதல் உணர்ச்சி அதுதான். அந்தச் சந்தோஷத்தை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

கொழுந்தன் பிழைத்தான். தண்ணீர் பாய்கிற சத்தம் கேட்டு வெளியே பார்க்க வந்தவனை மண் தள்ளிவிட்டிருந்தது. அவன் மனைவியையும் பிள்ளையையும் பிற்பகலில் எடுத்தார்கள். தாய் பிள்ளையைப் போர்வைக்குள் சுற்றி வைத்திருந்தாள், போர்வைக்குள் ஒரு துளி மண்கூடப் போகவில்லை. இன்னும் மூன்று காம்பராக்களிலும் ஆட்கள் புதைந்து போயிருந்தார்கள். ஒரு கிழவி அக்காவைக் கட்டிப்பிடித்து, "ஒன்னைய வெரட்டுனதால நீ பொழச்சே ஆத்தா" என்று அழுதாள். அக்கா மறுபடி மண்ணை வாரப் போனாள். அன்றிலிருந்து அவள் சத்தமாகப் பேசி நான் கேட்கவில்லை.

விசாரணை ஒன்று வைத்தார்கள். பள்ளிக்கூட மண்டபத்தில், பிள்ளைகள் உட்காரும் வாங்குகளை ஒதுக்கி, மேசை போட்டு. நடுவில் இருந்த பெரிய அதிகாரி சிங்களவர், மரியாதையான மனிதர், வந்ததும் எல்லாரையும் உட்காரச் சொன்னார். பக்கத்தில் தமிழ் மொழிபெயர்ப்பாளர் ஒருவர், இந்தப் பக்கத்துக்காரர்தான்.

தோட்டத்துத் தரப்பு எழுந்து, அந்த லயத்து மக்கள் யாரிடமிருந்தும் எந்த முறைப்பாடும் வரவில்லை என்றது. அக்காவின் குடும்பத்தை மாற்றியது கீழ்ப் பிரிவில் ஆள் பற்றாக்குறை என்பதால். ஒரு செய்தி வந்தது உண்மை, ஆனால் அது தோட்டத்திலிருந்து வந்தது அல்ல, வெளிநாட்டிலிருந்து வந்தது. நமது தேயிலைக்குக் கெட்ட பெயர் வாங்கிக் கொடுக்க வெளியே ஆட்கள் இருக்கிறார்கள் என்பது எல்லாரும் அறிந்ததே. முறைப்பாட்டு அலுவலகமும் அதையே சொன்னது. அவர்களுடைய பதிவில் அது ஐரோப்பாவிலிருந்து வந்ததாகத்தான் இருந்தது. பெயரில்லை, இலக்கமில்லை.

பெரட்டில் நின்ற அத்தனை பேரும் மண்டபத்தில் இருந்தார்கள். தொரை தாளைக் காட்டிச் சிரித்ததைப் பார்த்தவர்கள். கேட்டபோது ஒருவர் பின் ஒருவராக, "ஞாபகம் இல்லீங்க" என்றார்கள். மிஞ்சியிருந்த பாதி லயத்திலும் மற்ற லயங்களிலும் அவர்கள் இன்னும் குடியிருந்தார்கள். அவர்கள் மேல் கோபமில்லை என்று எழுத ஆசைதான். கோபம் வந்தது, இன்னும் இருக்கிறது.

நான் எழுந்தேன். மூன்று கணினிகள், பாலம், ஒதுக்கிய நாடு, எல்லாவற்றையும் விளக்கினேன். மொழிபெயர்ப்பாளர் திணறினார், பிறகு நானே சிங்களத்தில் சொன்னேன். அதிகாரி கடைசிவரை கேட்டார். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார். அந்தச் செய்தி உங்கள் கணினியிலிருந்துதான் போனது என்று காட்ட முடியுமா?

முடியாது. அதை என்னைவிட நன்றாக அறிந்தவர் அந்த மண்டபத்தில் இல்லை. முதல் கணினிக்கு என்னைத் தெரியும், என்ன அனுப்பினேன் என்று தெரியாது. கடைசிக்கு அனுப்பியது தெரியும், என்னைத் தெரியாது. என்னிடம் எந்த வரலாறும் இல்லை, நானே சேமிக்காதே என்று சொல்லியிருந்தேன். ஒரு வரிகூடப் பிசகாமல் அந்த மென்பொருள் தன் வேலையைச் செய்து முடித்திருந்தது. தண்டனை கொடுக்கும்போது யாரும் ஆதாரம் கேட்கவில்லையே என்று சொல்ல வாயெடுத்தேன், அதற்கும் ஆதாரம்தான் கேட்பார்கள். உட்கார்ந்துவிட்டேன்.

அப்போது அக்கா எழுந்தாள்.

"நான்தாங்க சொன்னேன். அந்தப் புள்ள எழுதிச்சு. எனக்கு இங்கிலீசு தெரியாதுங்க. என்ன சொன்னேன்னு சொல்றேன், அந்தப் பேப்பர்ல அது இருக்கான்னு பாருங்க."

அதிகாரி கோவையைப் பிரித்து அந்த ஆங்கிலத் தாளை எடுத்து முன்னால் வைத்துக்கொண்டார். சொல்லுங்கள் என்று கையைக் காட்டினார். அக்கா சேலைத் தலைப்பை இழுத்துப் பிடித்துக்கொண்டு, மேசையைப் பார்க்காமல், எதிர்ச் சுவரைப் பார்த்தபடி சொன்னாள்.

"மலையப் பாத்த பக்கமா நெலம் வெடிச்சிருக்குங்க. ராவுல அதுக்குள்ள தண்ணி ஓடுற சத்தம் கேக்குது. எங்கள எல்லாரையும் எடுக்கணுங்க, ஒருத்தர ரெண்டு பேர இல்ல. மொதலாவது காம்பராவுல வயசானவங்க ரெண்டு பேரு, தாத்தாவுக்கு நடக்க ஏலாது, தூக்கித்தான் எடுக்கணும். ரெண்டாவதுல பரீட்சைக்குப் படிக்கிற புள்ள இருக்கு, பள்ளிக்கூடத்துக்குக் கிட்டவா எடம் குடுத்தா நல்லதுங்க. மூணாவது பூட்டியிருக்கு, அவங்க கொழும்புல, தேட வேணாம்."

மொழிபெயர்ப்பாளர் ஒவ்வொன்றாகச் சிங்களத்தில் சொல்லிக்கொண்டே வந்தார். அதிகாரியின் விரல் ஆங்கிலத் தாளில் வரி வரியாக இறங்கியது. நான்காவது, ஐந்தாவது, ஆறாவது.

"ஏழாவதுல என் கொழுந்தன் குடும்பங்க. கைப்புள்ள ஒண்ணு இருக்கு, நெஞ்சுச் சளி அதுக்கு. மழ பேஞ்சா தாய்க்காரி புள்ளையத் தூக்கி வச்சுக்கிட்டு விடியிற வரைக்கும் முழிச்சிருக்கா. மொதல்ல அவங்கள எடுங்க."

மொழிபெயர்ப்பாளர் நிறுத்திவிட்டார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். அதிகாரி அவரைப் பார்க்கவில்லை. அவர் விரல் தானாகவே அந்த வரிக்கு வந்து, அதைத் தாண்டி, அடுத்த வரியின் தொடக்கத்தில் நின்றது.

"எட்டாவது காம்பராவுல நாங்க இருக்கோங்க" என்றாள் அக்கா.